கச்சேரிக் கதிரையும் கட்டளைத் தளபதியும்

அரசாங்கம் எங்கே இருக்கிறது என்று வன்னிக் கிராமமொன்றில் முதியவர் ஒருவரிடம் கேட்டால், "கச்சேரியில்" என்றுதான் இன்றும் பதில் வரும். பெயர்ப்பலகையில் மாவட்டச் செயலகம் என்று எழுதிப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஆனாலும் காணிப் பத்திரம், குளத்து நீர்ப் பங்கீடு, வெள்ள நிவாரணம், நெல் கொள்வனவு, வாக்காளர் இடாப்பு என்று குடிமகனின் வாழ்வைத் தொடும் விடயங்கள் யாவும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தக் கட்டடத்திலுள்ள ஒரு மேசைக்கு வந்தே தீரும். ஆகவே அந்த மேசைக்குப் பின்னாலுள்ள கதிரையிலும், அதற்கு மேலேயுள்ள ஆளுநரின் கதிரையிலும் யார் அமர்கிறார் என்பது சம்பிரதாயம் சார்ந்த ஒரு சிறு விடயமன்று.

படை அதிகாரிகளையும் பொலிஸ் அதிகாரிகளையும் சிவில் பதவிகளில் அமர்த்தும் வழக்கம் 2009 மே மாதத்துக்குப் பின்னர்தான் வடக்கில் தொடங்கியது என்று இளைய தலைமுறையினர் பலர் எண்ணுகின்றனர். பத்திரிகைத்துறைக்கு அண்மையில் வந்த இளைஞர் ஒருவர் என்னிடம் அவ்வாறே கூறினார். வன்னியைப் பொறுத்தவரை இந்தக் கதை ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு பழைமையானது. அதை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு லெப்டினன்டின் வன்னி

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை வன்னியை வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்கள் ஆண்டனர். ஒல்லாந்தக் கம்பனிக்கு யானைகளைத் திறையாகக் கொடுப்பதாக ஒப்புக்கொள்வதும், பின்னர் நிலுவை வைத்துக் காலம் கடத்துவதும் அவர்களுடைய வழக்கமாக இருந்தது. 1780களின் தொடக்கத்தில் கம்பனி பொறுமையிழந்தது. காட்டுக்குள் படை நடத்தப்பட்டது. அதன் பின்னர் வன்னியின் நேரடி நிர்வாகம் தோமஸ் நாகெல் என்ற லெப்டினன்டின் கைக்குச் சென்றது. அவர் முல்லைத்தீவிலிருந்து இந்த நிலப்பரப்பை நிர்வகித்தார். 1793 இல் வன்னியைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை, இப்பிரதேசத்தின் வரலாற்றைப் படிக்கும் எவரும் தவிர்க்க முடியாத ஆவணமாக இன்றுவரை இருக்கிறது.

நாகெல் திறமையற்றவர் என்று எவரும் சொல்ல முடியாது. வயல்நிலத்தையும் வருமானத்தையும் பெருக்குவதில் அவர் ஆர்வம் காட்டினார். எனினும் வன்னியில் அவருக்குக் கிடைத்த அதிகாரம் படையெடுப்பின் தொடர்ச்சியாகக் கிடைத்த அதிகாரம். அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்த தமது மேலதிகாரிகளுக்கு மட்டுமே. ஒட்டுசுட்டானிலோ பனங்காமத்திலோ இருந்த உழவன் அவருக்கு வருமானக் கணக்கின் ஒரு வரி.

1795-96 இல் ஆங்கிலேயர் கரையோர இலங்கையைக் கைப்பற்றியபோதும் முதலில் வந்தது படை ஆட்சியே. கேணல் ஜேம்ஸ் ஸ்டுவேர்ட் இராணுவ ஆளுநராக இருந்தார். வரி வசூலிப்பு சென்னையிலிருந்து வந்த அதிகாரிகளிடம் விடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் 1797 இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1798 இல் பிரெடெரிக் நோர்த் ஆளுநராக வந்த பின்னரே சிவில் நிர்வாகத்துக்கு ஓர் உருவம் கிடைக்கத் தொடங்கியது. வன்னியில் அது இன்னும் தாமதமாயிற்று. 1803 ஆகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கி அங்கிருந்த ஆங்கிலேயப் படையை வெளியேற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தார். அந்த வெற்றியைக் குறிக்கும் நடுகல்லை ஆங்கிலேயரே நாட்டினர். இன்று அந்தக் கல்லைத் தோற்றவனின் நினைவாகவே மக்கள் போற்றுகின்றனர்.

19ஆம் நூற்றாண்டின் போக்கில் படை அதிகாரியின் இடத்தைச் சிவில் சேவை அதிகாரி பிடித்துக்கொண்டார். மக்கள் அவரை ஏசண்டுத்துரை என்று அழைத்தனர். அவர்களுள் ஒருவரான ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், குளம் குளமாக, ஊர் ஊராக இந்த மண்ணைப் பதிவுசெய்தது. அந்நிய ஆட்சியின் ஊழியரே அவரும். ஆயினும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. ஏசண்டுத்துரையிடம் துப்பாக்கி இல்லை. அவரிடம் இருந்தது கோப்பு. அவர் செய்த ஒவ்வொன்றும் தினக்குறிப்பிலும் கடிதத்திலும் எழுதப்பட்டது. எழுதப்பட்டதை எதிர்த்து மனுக் கொடுக்க முடிந்தது. ஏழை உழவனுக்கும் ஒரு பெட்டிசம் எழுதும் உரிமை அங்கிருந்துதான் கிடைத்தது.

சுதந்திரத்துக்குப் பின்னர்

1948 க்குப் பின்னர் ஏசண்டுத்துரை அரசாங்க அதிபரானார். தமிழ் மக்களின் அரசியலில் கச்சேரிக்கு இருந்த இடத்தை 1961 ஆம் ஆண்டின் சத்தியாக்கிரகம் காட்டியது. தமிழரசுக் கட்சி அந்த ஆண்டு பெப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரியின் வாயிலில் அமர்ந்தது. பின்னர் வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய கச்சேரிகளுக்கும் போராட்டம் பரவியது. பொலிஸ் நிலையத்தையோ இராணுவ முகாமையோ அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அரசு என்பது கச்சேரியே என்று அவர்கள் சரியாகக் கணித்திருந்தனர். ஏப்ரல் நடுப்பகுதியில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, படையினர் அனுப்பப்பட்டு, தலைவர்கள் கைதாகிப் போராட்டம் முடித்துவைக்கப்பட்டது. கச்சேரிக்கும் மக்களுக்கும் இடையில் சீருடை வந்து நின்றது அப்போதுதான்.

மறு ஆண்டு 1962 ஜனவரியில் கொழும்பில் படை, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்று தோற்றனர். அதன் பின்னர் தெற்கின் அரசியல்வாதிகள் சீருடையாளரை ஆட்சிக் கதிரைகளிலிருந்து தூர வைத்திருக்கக் கற்றுக்கொண்டனர். ஆனால் அந்தப் பாடம் நாடு முழுவதற்குமாகக் கற்கப்படவில்லை. 1971 கிளர்ச்சியின்போது மாவட்டங்களுக்குப் படை இணைப்பதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். தெற்கில் கிளர்ச்சி அடங்கியதும் அந்த ஏற்பாடு மெல்ல மறைந்தது. வடக்கில் 1979 ஜூலையில் பிரிகேடியர் வீரதுங்க, ஆண்டிறுதிக்குள் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு பணிக்கப்பட்டு அனுப்பப்பட்டார். அங்கே இணைப்பதிகாரி மறையவேயில்லை.

முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. மக்களுக்கு அருகில் நிர்வாகம் வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் அதே 1984 இல் முல்லைத்தீவின் தெற்கு எல்லையிலிருந்த கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டுச் சிறைக்கைதிகள் குடியமர்த்தப்பட்டனர். நவம்பர் 30 அன்று விடுதலைப் புலிகள் அங்கே நடத்திய தாக்குதலில் குடியேற்றவாசிகள் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் மணலாறு வெலிஓயாவாயிற்று. அங்கே உருவான குடியேற்றங்களுள் ஒன்று, அப்பகுதியின் படைத்தளபதியாக இருந்த ஜானக பெரேராவின் பெயரால் ஜனகபுர என்று அழைக்கப்படுகிறது. காணி ஆணையாளரின் பணியைத் தளபதி செய்யும்போது, ஊருக்குத் தளபதியின் பெயர் வைக்கப்படுவதில் வியப்பில்லை.

இரு எசமானர்களுக்கு நடுவில்

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிவில் நிர்வாகத்தின் மேல் ஆயுததாரிகளை அமர்த்தியது அரசு மாத்திரமன்று. 1990 களிலிருந்து 2008 வரை வன்னியின் பெரும்பகுதியைத் தமது கட்டுப்பாட்டில் வைத்திருந்த விடுதலைப் புலிகளும் அதையே செய்தனர். காவல்துறை, நீதிமன்றம், வரி அறவீடு, போக்குவரத்து அனுமதி என அனைத்தும் இயக்கத்தின் பொறுப்பாளர்களிடமே இருந்தன. வன்னியை விட்டு வெளியேற விரும்பியவருக்கு அங்கே ஒரு பாஸ்; வெளியேறி வந்தவருக்கு வவுனியாவில் பொலிசாரிடம் இன்னொரு பாஸ். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில் வவுனியா வரிசைகளில் நானும் நின்றிருக்கிறேன். இரு பக்கமும் கேள்வி கேட்டவர் சீருடையில் இருந்தார். பதில் சொன்னவர் சாரத்திலும் சேலையிலும் இருந்தார்.

இவ்விரு அதிகாரங்களுக்கும் நடுவில் கிளிநொச்சி, முல்லைத்தீவு அரசாங்க அதிபர்களும் கிராம சேவையாளர்களும் தொடர்ந்து பணியாற்றினர் என்பது உலக வரலாற்றிலேயே அரிதான ஒரு நிலைமை. கொழும்பிலிருந்து சம்பளம், புலிகளின் பிரதேசத்தில் வேலை. இரு தரப்பும் அவர்களைச் சந்தேகித்தன. ஆயினும் நிவாரண அட்டைகளைப் புதுப்பித்து, குடும்பங்களை எண்ணி, அந்த எண்ணிக்கையை மாதந்தோறும் மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தனர்.

இந்த எண்ணும் பணியின் பெறுமதி 2009 இல் தெரிந்தது. அந்த ஆண்டு பெப்ரவரியில் போர் வலயத்துள் சிக்கியிருப்போர் ஒரு இலட்சத்துக்கும் குறைவு என்று கொழும்பு சொன்னது. முல்லைத்தீவு மாவட்டச் செயலக அதிகாரிகளோ மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருப்பதாக அறிவித்தனர். எண்ணிக்கையைப் பொறுத்தே உணவும் மருந்தும் அனுப்பப்படும் என்பதை நினைவிற் கொள்க. யாருடைய கணக்கு உண்மைக்கு நெருக்கமானது என்பதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பின்னர் மே மாதம்வரை அங்கிருந்து வெளியே வந்தோர் மட்டும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகம்.

2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை வைத்த கணக்கும் கச்சேரிக் கணக்கே. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். இந்த எண்களைப் பற்றி வாதங்கள் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது ஏன்? சீருடை அணியாத சில எழுதுவினைஞர்கள், குண்டு விழும் இடத்திலிருந்துகூடத் தமது இடாப்பைத் தொடர்ந்து எழுதினர். ஒரு கட்டளைத் தளபதி கச்சேரிக் கதிரையில் இருந்திருந்தால், அந்த எண் நமக்குக் கிடைத்திருக்குமா என்று வாசகர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

2009 க்குப் பின்னர்

போர் முடிந்ததும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் மக்கள் அடைக்கப்பட்டனர். வவுனியாவில் அரசாங்க அதிபராகத் திருமதி பி. எஸ். எம். சார்ள்ஸ் இருந்தார். ஆனால் முகாம்களுக்கான தகுதிவாய்ந்த அதிகாரியாக மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி நியமிக்கப்பட்டார். யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம், எந்தத் தொண்டு நிறுவனம் எந்த வலயத்தில் வேலை செய்யலாம் என்பன படைத்தரப்பின் முடிவுகளாயின. அந்த ஆண்டு டிசம்பர்வரை மக்களுக்கு நடமாடும் சுதந்திரம் கிடைக்கவில்லை. முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே.

மீள்குடியேற்றத்தை நடத்துவதற்கென 2009 மே மாதத்தில் ஜனாதிபதிச் செயலணி ஒன்று பசில் ராஜபக்ஷவின் தலைமையில் அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளரும் முப்படைத் தளபதிகளும் அதில் இருந்தனர். ஜூலையில் சந்திரசிறி வட மாகாண ஆளுநரானார். அவர் யாழ்ப்பாணத்தில் படைத்தளபதியாக இருந்தவர்.

இந்த நியமனம் புதுமையானதா? ஆளுநர் பதவியின் வரலாற்றைப் பாருங்கள். 1988 இல் உருவான இணைந்த வடக்கு-கிழக்கு மாகாணத்தின் முதல் ஆளுநர் முன்னாள் இராணுவத் தளபதி நளின் செனிவிரத்ன. 1998 முதல் 2004 வரை மேஜர் ஜெனரல் அசோக ஜயவர்தன. 2006 இல் ரியர் அட்மிரல் மொஹான் விஜேவிக்ரம. அந்த ஆண்டு ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாது என்று தீர்த்த பின்னர் அவர் கிழக்கில் தொடர்ந்தார். வடக்கில் 2008 இல் ஓய்வுபெற்ற பொலிஸ் மா அதிபர் விக்டர் பெரேரா. இடையிடையே லயனல் பெர்னாண்டோ என்ற சிவில் சேவை அதிகாரி, காமினி பொன்சேகா என்ற நடிகர், டிரோன் பெர்னாண்டோ என்ற அரசியல்வாதி ஆகியோரும் வந்துபோயினர். தமிழர் ஒருவர் வட மாகாண ஆளுநராவதற்கு 2019 ஜனவரியில் சுரேன் ராகவன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிழக்கில் ஒரு படி கீழேயும் இது நடந்தது. திருகோணமலை அரசாங்க அதிபராக ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ரஞ்சித் டி சில்வா பல ஆண்டுகள் பணியாற்றினார்.

ஆளுநர் என்பவர் நாடா வெட்டும் அலங்காரப் பதவியாளர் என்று எண்ணுவோருக்காகச் சட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். 13ஆவது திருத்தத்தின்படி ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி விரும்பும்வரை அவர் பதவியில் இருப்பார். 1987 ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் மாகாண அரச சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றை ஆளுநரின் கையில் கொடுக்கிறது. நிதி தொடர்பான நியதிச்சட்டம் எதையும் ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபையில் முன்வைக்க முடியாது. ஆக, வடக்கில் ஓர் ஆசிரியரின் இடமாற்றம்கூட இறுதியில் ஆளுநரின் அதிகாரத்திலிருந்தே பிறக்கிறது. 2009 முதல் 2013 வரை மாகாண சபையே இல்லாதபோது, முன்னாள் தளபதி ஒருவரே மாகாணத்தின் முழு நிர்வாகமாக இருந்தார்.

2013 செப்டெம்பர் 21 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30 ஐக் கைப்பற்றியது. முன்னாள் நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். சிவிலியன் ஒருவரை ஆளுநராக்குங்கள் என்பது அவருடைய முதற் கோரிக்கைகளுள் ஒன்று. அது ஏற்கப்படவில்லை. முதலமைச்சர் நிதியம் அமைப்பதற்கான நியதிச்சட்டம் ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமல் இழுபட்டது. 2014 ஜூலையில் சந்திரசிறியின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்தபோது, அவரே மீண்டும் நியமிக்கப்பட்டார். வாக்களித்த மக்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் ஒன்றைக் கொடுத்திருக்க முடியாது.

இத்தனைக்கும் அரசே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு, விவசாயம், மீன்பிடி, காணி போன்ற அன்றாட விடயங்கள் சிவில் நிர்வாகத்திடம் திரும்ப வேண்டும் என்றும் படையினர் படிப்படியாகப் பின்னணிக்குச் செல்ல வேண்டும் என்றும் 2011 இலேயே பரிந்துரைத்திருந்தது. அந்த அறிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான முன்னாள் வெளிவிவகாரச் செயலாளர் எச். எம். ஜி. எஸ். பாலிஹக்கார, ஆட்சி மாறிய பின்னர் 2015 ஜனவரியில் வட மாகாண ஆளுநராக வந்தார். தமது பரிந்துரையைத் தாமே நடைமுறைப்படுத்தும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

விசுவமடுவின் கண்ணீர்

இந்த விவாதத்தில் நமக்கு வசதியான சான்றுகளை மட்டும் அடுக்கினால் அது வரலாறாகாது. 2018 ஜூனில் விசுவமடுவில் நடந்ததை எவரும் மறக்கவில்லை. கேணல் ரத்னப்பிரிய பந்து என்ற அதிகாரி இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவர் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கிளிநொச்சி-முல்லைத்தீவுப் பொறுப்பாளராக இருந்தவர். தமிழ் மக்கள், அவர்களுள் முன்னாள் போராளிகள் பலர், மாலை அணிவித்து, தோளில் தூக்கி, அழுது அவரை வழியனுப்பினர். தெற்கின் ஊடகங்கள் அதை நல்லிணக்கத்தின் வெற்றி என்றன. நம்மவருள் சிலர் அழுதவர்களைத் தூற்றினர். இரண்டுமே அவசர முடிவுகள்.

அந்தத் திணைக்களம் வன்னியில் பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் நடத்தி, ஆயிரக்கணக்கான இளைஞர் யுவதிகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழிருந்த முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்த கொடுப்பனவு அதன் ஒரு சிறு பங்கே. புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிக்கு வேறெவரும் வேலை கொடுக்கத் தயங்கிய காலம் அது. அப்படியானவருக்கு ஒரு நல்ல அதிகாரி மரியாதையுடன் வேலை கொடுத்தார் என்றால், அவர் போகும்போது கண்ணீர் வருவது மனித இயல்பு. அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியையின் சம்பளம் ஏன் பாதுகாப்பு அமைச்சிலிருந்து வரவேண்டும்? அதே பணத்தை மாகாணக் கல்வி அமைச்சின் ஊடாகக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? அந்த வேலை அப்போது ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்தில் தங்கியிருக்காது, உரிமையாக இருந்திருக்கும். நல்லவர் இடமாற்றம் பெற்றால் அழவேண்டியிருக்கிறது என்பதே அந்த ஏற்பாட்டின் பலவீனம்.

அதே மாவட்டத்தின் மறுபக்கம் கேப்பாப்புலவு. 2012 இல் மெனிக் பாமிலிருந்து கடைசியாக ஏற்றப்பட்ட மக்கள் சொந்த ஊருக்குப் போகவில்லை. அவர்களுடைய ஊரில் படைத் தலைமையகம் இருந்தது. வேறிடத்தில் உருவாக்கப்பட்ட மாதிரிக் கிராமத்தில் அவர்கள் இறக்கப்பட்டனர். 2017 ஜனவரி இறுதியில் பிலக்குடியிருப்பு மக்கள் முகாம் வாயிலிலேயே குந்தினர். ஒரு மாதம் இரவு பகலாக இருந்த பின்னர் ஒரு பகுதிக் காணி விடப்பட்டது. 1961 இல் கச்சேரி வாயிலில் அமர்ந்த தமிழர் 2017 இல் முகாம் வாயிலில் அமர்ந்தனர். தம் காணியைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வடக்கில் ஒத்திகை, தெற்கில் அரங்கேற்றம்

வடக்கில் பழகியது பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியான பின்னர் சுகாதாரம், விவசாயம் ஆகிய அமைச்சுகளின் செயலாளர்களாகவும் சுங்கப் பணிப்பாளர் நாயகமாகவும் மேஜர் ஜெனரல்கள் நியமிக்கப்பட்டனர். கொவிட் தடுப்புச் செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதி சவேந்திர சில்வா தலைமை தாங்கினார். கிழக்கின் தொல்லியல் மரபுரிமைகளுக்கான செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன தலைவரானார். முன்னவர் 58ஆவது படைப்பிரிவுக்கும் பின்னவர் 53ஆவது படைப்பிரிவுக்கும் வன்னியின் இறுதிப் போரில் கட்டளையிட்டவர்கள். 2021 ஜனவரியில் 25 மாவட்டங்களுக்கும் கொவிட் இணைப்பதிகாரிகளாக மூத்த படை அதிகாரிகள் நியமிக்கப்பட்டபோது, கொழும்பு நண்பர்கள் அதிர்ச்சியடைந்தனர். வன்னியில் யாரும் அதிர்ச்சியடையவில்லை. அந்தக் கதிரை அங்கே ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் திறமை. படை அதிகாரி சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையை முடிப்பார். சிவில் அதிகாரி கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவார் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. கச்சேரிகளில் ஒரு கையொப்பத்துக்காக நாட்கணக்கில் அலைந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் 2022 இல் நாடு வங்குரோத்தானபோது, எரிபொருள் வரிசையில் நின்ற மக்களுக்கு மேஜர் ஜெனரல்களின் திறமை உதவவில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிவது போர்க்களத்தில் நற்பண்பு. அமைச்சின் செயலாளருடைய முதற்கடமையோ, அமைச்சரிடம் "இது சட்டத்துக்கு முரண், செய்ய முடியாது" என்று எழுத்தில் சொல்வது. இருபது முப்பது ஆண்டுகள் ஒன்றைப் பயின்றவரிடம் மற்றதை ஒரே நாளில் எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமன்று.

வேறு நாடுகளிலும் இந்த அனுபவம் உண்டு. சுகார்த்தோ காலத்து இந்தோனேசியாவில் மாகாண ஆளுநர் முதல் மாவட்டத் தலைவர்வரை படை அதிகாரிகள் நிரம்பியிருந்தனர். இராணுவத்துக்கு இரட்டைப் பணி என்று அதற்கொரு கோட்பாடும் இருந்தது. 1998 இல் அவர் வீழ்ந்த பின்னர், ஒன்று சீருடையைக் கழற்றுங்கள் அல்லது படைக்குத் திரும்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் 2025 மார்ச்சில் பணியிலுள்ள அதிகாரிகள் வகிக்கக்கூடிய சிவில் பதவிகளை மீண்டும் விரிவாக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. மாணவர்கள் வீதிக்கு இறங்கினர். இந்தியாவிலும் ஜம்மு-காஷ்மீரத்துக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் ஓய்வுபெற்ற ஜெனரல்கள் ஆளுநர்களாக அனுப்பப்பட்டதுண்டு. கே. வி. கிருஷ்ணராவ், எஸ். கே. சின்ஹா ஆகியோர் அவ்வாறு சென்றவர்கள். எந்தப் பிரதேசத்தை மத்திய அரசு சந்தேகத்துடன் பார்க்கிறதோ, அங்கேதான் ஜெனரல் அனுப்பப்படுகிறார்.

செய்ய வேண்டியது

ஓய்வுபெற்ற படை அதிகாரியும் இந்நாட்டின் குடிமகனே. அவர் எந்தப் பதவியும் வகிக்கக்கூடாது என்று நான் வாதிடவில்லை. தேர்தலில் நின்று வென்றால் அவர் நாடாளுமன்றத்துக்கே போகலாம். ஆனால் சில வரையறைகள் சட்டமாக வேண்டும். பணியிலுள்ள அதிகாரி சிவில் பதவி வகிக்கக்கூடாது. ஓய்வுபெற்றவராயின் குறிப்பிட்ட சில ஆண்டுகள் கழிய வேண்டும். எந்தப் பிரதேசத்தில் படை நடத்தினாரோ, அந்தப் பிரதேசத்தை ஆளும் பதவி அவருக்கு ஒருபோதும் கொடுக்கப்படக்கூடாது. அரசாங்க அதிபர், அமைச்சுச் செயலாளர் போன்ற பதவிகள் நிர்வாக சேவையினருக்கே உரியவை. முன்பள்ளி, பண்ணை, காணி ஆகியவை உரிய சிவில் திணைக்களங்களுக்கு, அங்கே வேலை செய்வோரின் சம்பளம் குறையாமல், மாற்றப்பட வேண்டும்.

2024 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் முன்னாள் அரசாங்க அதிபர் நா. வேதநாயகன் வட மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். கச்சேரியிலிருந்து வந்த ஒருவர் அந்தக் கதிரையில் அமர்ந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் அதே காலப்பகுதியில் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் செயலாளராக ஓய்வுபெற்ற சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரே நியமிக்கப்பட்டார். மேலும், ஆளுநர் நல்லவராக இருப்பது இன்றைய ஜனாதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது. நாளைய ஜனாதிபதி மீண்டும் ஒரு ஜெனரலை அனுப்பினால் தடுப்பதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர், ஆண்டுக்கணக்கில் தேர்தல் இன்றி மாகாணம் ஆளுநரின் கையிலேயே விடப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்தால் ஆபத்து விளங்கும்.

அந்த ஒரு வரியைச் சட்டத்தில் எழுதுவிப்பது நாடாளுமன்றத்துக்கு வன்னியிலிருந்து செல்லும் பிரதிநிதிகளின் கடமை. அவர்கள் கொழும்பில் பேசவேண்டிய பல விடயங்களுள் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் காணி, வேலை, நிவாரணம், காணாமற்போனோர் எண்ணிக்கை என்று அவர்கள் பேசும் மற்றெல்லாமே, கடைசியில், அந்தக் கதிரையில் இருப்பவரின் மேசைக்குத்தான் வருகின்றன.